ரெண்டே ஓட்டுல போன மசோதா

மேல ஒருத்தர் "2007ல அமெரிக்க கீழ்சபைல பெரும்பான்மை பேர் தொழிலாளர், சுகாதாரம், கல்வி நிதி மசோதாவ எதிர்த்துதான் ஓட்டு போட்டாங்க"ன்னு எழுதியிருக்கார், அது தப்புங்க. ஆதரவு 277, எதிர்ப்பு 141. மசோதா ரெண்டு சபைலயும் ஏற்கனவே பாஸ் ஆகிடுச்சு, அதிபர் புஷ் நவம்பர் 13ந்தேதி வீட்டோ பண்ணிட்டார் (அதாவது கையெழுத்து போடாம நிராகரிச்சுட்டார்), அதை மீறி மசோதாவ சட்டமாக்க கீழ்சபைல நடந்த ஓட்டெடுப்புதான் இது, அதுக்கு ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், போட்டது 418 பேர், அப்போ 279 வேணும்ல, வெறும் ரெண்டு ஓட்டு குறைஞ்சு போச்சு. புஷ்ஷோட சொந்தக் கட்சிக்காரங்களே பல பேர் ஆதரிச்சாங்க. மருத்துவ ஆராய்ச்சி, ஸ்கூல், வேலைப் பயிற்சி எல்லாத்துக்கும் பணம் இதுலதான் வரும், அதுக்கு ஓட்டு போட்ட 277 பேரையும் எதிர்த்தவங்கன்னு சொல்றது ரொம்ப அநியாயம். தயவுசெஞ்சு அந்த வரிய மாத்திடுங்க.