என் குதிரைக்குப் பைத்தியம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பந்தயத்தில் ஓடி முடித்த என் குதிரை வேலன் மிரண்டு பக்கவாட்டில் துள்ளுகிறான், நான் சேணத்தில் ஒரு பக்கமாகச் சரிகிறேன், யாரோ "அய்யய்யோ" என்று கத்துகிறார்கள், அத்தோடு வீடியோ முடிந்துவிடுகிறது. கீழே "ரேஸ் குதிரையை வாங்கினா இப்படித்தான்" என்று ஒரு வரி, அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் வெட்டிப் போட்ட மிச்சத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். லாரியில் கட்டாமல் விட்ட தார்ப்பாய் படபடவென்று அடித்தது, அதே நொடியில் முதுகுக்குப் பின்னால் மினி பஸ் ஏர்ஹாரன் அடித்தான். வேலன் துள்ளினான், ஓட ஆரம்பித்தான், நான் கடிவாளத்தின் இரண்டு வாரையும் இழுக்காமல் ஒரு பக்க வாரை மட்டும் வாங்கி வட்டமாகத் திருப்பினேன். வேலி வருவதற்குள் நின்றுவிட்டான். நின்றபிறகு ஒரு காது பஸ் பக்கம், ஒரு காது என் பக்கம், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடுகிறது, ஆனால் கால் நாலும் தரையில். அதை யாரும் அனுப்பவில்லை. நின்ற குதிரையைப் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை போல.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பந்தயத்தில் ஓடிய குதிரைக்குப் பைத்தியம் கிடையாது. அதற்கு ஒரே ஒரு வேலையைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அந்த வேலையை அது நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதை நாம் வேறு வேலைக்குக் கூட்டி வந்துவிட்டு, பழைய வேலையைச் செய்கிறது என்று திட்டுகிறோம்.

எப்படிப்பட்ட வேலை என்று பாருங்கள். ஜாக்கி வாரைப் பிடித்து இழுத்தால் அந்தக் குதிரை கடிவாளத்தின்மேல் சாய்ந்து இன்னும் வேகமாகப் போகக் கற்றிருக்கிறது. நாம் ஓட்டும் குதிரைக்கு இழுத்தால் நில் என்று அர்த்தம். அப்போது புதிதாக ஏறுகிறவர் பயத்தில் இரண்டு கையாலும் இழுக்கிறார், குதிரை சொன்ன பேச்சைக் கேட்டு வேகமெடுக்கிறது, இறங்கி வந்து "கட்டுக்கடங்காத மிருகம்" என்கிறார். ஏறுவதிலும் அப்படித்தான். ஜாக்கியை ஒருவர் முழங்காலைப் பிடித்துத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார், பல நேரம் குதிரை நடந்துகொண்டே இருக்கும். வேலனிடம் நான் முதலில் சேணத்தில் தொங்கும் ஸ்டிரப்பில் கால் வைத்தபோது அவன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "பாருங்க, ஏறவே விடமாட்டேங்குது" என்றார்கள். ஏறும்போது நிற்கவேண்டும் என்று அதுவரை அவனிடம் யாருமே கேட்டதில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கால் வைத்து, எடுத்து, கழுத்தைத் தடவி, மறுபடியும் கால் வைத்து, ஏறாமலே இறக்கி, இப்படியே பொறுமையாகப் போனோம். இப்போது என் மகள் ஏறும்வரை சிலைபோல நிற்கிறான்.

"சூட்டு ரத்தம்" என்று ஒரு பேச்சு. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனமே அப்படித்தான் என்பார்கள். இனத்தில் சுறுசுறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று ஆண் குதிரைகளின் வழியில் வந்த இனம், அன்றிலிருந்து வேகத்துக்காகவே பொறுக்கி எடுத்து வளர்த்தது. ஆனால் அந்தக் குதிரை எப்படி வாழ்ந்தது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு நாளில் பெரும்பகுதி நாலு சுவருக்குள். அதிகாலையில் கொஞ்ச நேரம் வெளியே விட்டு ஓட்டுவார்கள், பிறகு மறுபடியும் உள்ளே. தீனியோ ஓட்ஸும் தானியமும் நிறைய, புல் குறைவு. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், மேய்ந்துகொண்டே இருக்கவேண்டிய பிராணி என்பதால். வயிறு காலியாகக் கிடந்தால் புண்தான் வரும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருக்கிறது என்று எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் சேணத்து வார் போட்டு இறுக்கினால் யாராக இருந்தாலும் காலைத் தூக்குவார்கள். வேலன் வந்த புதிதில் கதவு விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கிக்கொண்டே நிற்பான், ஹுக் ஹுக் என்று சத்தம் ராத்திரி வீடு வரை கேட்கும். கதவின் மேல்கட்டை முழுக்கப் பல் பதிந்த பள்ளம். தானியத்தைக் குறைத்தோம், முன்னாலேயே எந்நேரமும் காய்ந்த புல் கிடக்கும்படி பார்த்துக்கொண்டோம், பகல் முழுக்கத் தோட்டத்தில் விட்டோம். அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை, ஆனால் சேணம் வைக்கும்போது திரும்பிக் கடிக்க வருவது அடியோடு நின்றுவிட்டது. மருந்தும் புல்லும்தான் சரிசெய்தது. சாட்டை எடுக்கச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும்.

தோட்டத்தில் முதன்முதலாக அவிழ்த்துவிட்ட அன்றைக்கு அவன் ஓடவில்லை. எல்லாரும் போன் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், பறக்கப் போகிறான் என்று. அவன் கேட் பக்கத்திலேயே அப்படியே நின்றான். யாராவது கயிற்றைப் பிடித்து எங்காவது கூட்டிப்போவார்கள் என்று நின்றான். கொஞ்ச நேரம் கழித்துச் செம்மண்ணை மோந்து பார்த்தான், முன்காலால் பறித்தான், படுத்துப் புரண்டான், எழுந்து உதறியபோது உடம்பு முழுக்கச் சிவப்பு. என் கணவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார், வாங்கவே வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

பெரியப்பா மட்டும் இன்றைக்கும் விடுவதில்லை. "ஏனம்மிணி, ஆடி மாசம் அந்தியூர் குருதச் சந்தைக்குப் போனா நல்லதா ஒரு நாட்டுக்குருதயப் புடிச்சிருக்கலாமுல்ல? சுழி கிழி பார்த்தயா?" என்பார். சுழி பார்க்கவில்லை பெரியப்பா, காலைப் பார்த்தேன். முன்னங்கால் தசைநாரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன், குளம்புக்கும் முட்டிக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். மார்வாரி, கத்தியவாரி எல்லாம் அருமையான குதிரைகள், நம் வெயிலைத் தாங்கும், செலவும் குறைவு, அதில் எனக்கு வாதமே இல்லை. விருப்பப்பட்டவர்கள் வாங்கட்டும். நான் வாங்கியது தப்பு என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

கால் விஷயத்தில்தான் சந்தேகப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2 வயதிலேயே முதுகில் ஆள் ஏறிவிடுகிறார்கள். குதிரையின் முதுகெலும்பு முற்றி முடிய 5 வயதுக்கு மேலாகும். தசைநார் ஒருமுறை கிழிந்து ஆறியிருந்தால் அந்த இடம் பழையபடி ஆகாது. சில குதிரைகளை நடக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், சிலதைத் தடை தாண்டவே விடக்கூடாது. பார்த்து வாங்குங்கள் என்று சொன்னால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். லாடம் அடிக்க வரும் பாய் வேலன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பந்தயத்துக்கு அடித்திருந்த மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "குளம்பு ரொம்ப மெலிசு அக்கா, அவசரப்படாதீங்க, இது வளர்ந்து வரட்டும், அப்புறம் ஏறுங்க" என்றார். அவருடைய சந்தேகம் அது. அதில் அக்கறை இருந்தது. அவர் சொன்னபடி காத்திருந்தோம். வீடியோவுக்குக் கீழே சிரிக்கிறவர்களின் சந்தேகம் அப்படியா இருக்கிறது?

"குழந்தையைக் கொல்லப் போறீங்களா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் மகள் சாலையில் வேலன்மேல் ஏறியதே இல்லை. மூடிய வளையத்துக்குள், ஹெல்மெட்டோடு, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான். குதிரையே ஓட்டிப் பழகாதவர்கள் பந்தயக் குதிரையை வாங்காதீர்கள் என்று நானே கேட்ட எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். 450, 500 கிலோ எடை, மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடக்கூடிய பிராணி. விளையாட்டில்லை. ஆனால் ஒரு தாயைப் பார்த்து அப்படி எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிக் கேட்கலாமே. இதே சாலையில் லைசென்ஸ் இல்லாத பையன்கள் மூன்று பேராகப் புல்லட்டில் போகிறார்கள், அவர்கள் அப்பா அம்மாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஆணாக இருந்தால் இந்த வீடியோ எப்படிப் போயிருக்கும் என்றும் யோசிக்கிறேன். மிரண்ட குதிரையை அடக்கியவர் என்று பின்னணி இசையோடு போயிருக்கும். எனக்கு "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று வந்திருக்கிறது. நான் பதினைந்து வயதிலிருந்து குதிரைமேல் இருக்கிறேன். இது அந்த ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறார்கள்.

இன்னொரு கூட்டம், "அப்போ ரேஸை ஆதரிக்கிறீர்களா, அவர்கள் கழித்துப் போட்டதை வாங்கி அவர்களுக்கு உதவுகிறீர்கள்" என்கிறது. பந்தயத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத பேச்சில்லை. 1974இல் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் அது சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்பு வந்தது. 2024 ஜூனில் ஊட்டி பந்தய மைதானத்தில் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது, செப்டம்பரில் கிண்டி பந்தய மைதானத்தில் 160 ஏக்கருக்குச் சீல் வைத்தது. குத்தகை பாக்கி எவ்வளவு கோடி, பூங்கா வருமா, குளம் வருமா என்று எல்லாரும் பேசினோம். நிலம் அரசுடையது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த லாயங்களில் நின்ற குதிரைகளின் மிச்ச வாழ்க்கை எங்கே என்று எத்தனை பேர் கேட்டோம்? பந்தயம் இருந்தாலும் இந்தக் கேள்வி இருக்கிறது, இல்லாமல் போனாலும் இருக்கிறது. ஒரு பந்தயக் குதிரையின் ஓட்டம் பெரும்பாலும் 5, 6, 7 வயதுக்குள் முடிந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும். நடுவில் இருக்கும் அந்த இருபது வருஷத்துக்கு யார் பொறுப்பு? கல்யாண ஊர்வலம், சுற்றுலா ஊரில் நாள் முழுக்கச் சவாரி, கடைசியில் எலும்பு தெரிய ரோட்டில் திரிவது. நாலு பேர் ஓட்டப் பழகி வைத்துக்கொண்டால் நாலு குதிரையாவது அந்த வழிக்குப் போகாது. அதைச் செய்கிறவளைப் பார்த்து நீ பந்தயக்காரர்களுக்கு உதவுகிறாய் என்றால் என்ன பதில் சொல்வது?

வெளிநாட்டிலும் இது சுத்தமாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1986இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை ஜெயித்த ஃபெர்டினாண்ட் என்ற குதிரை ஜப்பானுக்கு இனப்பெருக்கத்துக்கு விற்கப்பட்டு, அங்கே தேவை முடிந்ததும் 2002இல் இறைச்சிக் கூடத்துக்குப் போனது என்று பிறகு தெரியவந்தது. டெர்பி ஜெயித்த குதிரைக்கே அந்தக் கதி. ஆனால் அங்கே மறுபயிற்சிக்கு என்று தனி அமைப்புகள் எழுந்தன, பிரிட்டனில் பந்தயத் துறையே 2000இல் ஒன்றைத் தொடங்கியது. முடியாது என்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது டச் ஆஃப் கிளாஸ் கதைதான். அமெரிக்காவில் ஆறு பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்காத சின்ன உருவப் பெண்குதிரை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டுவதில் தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் வாங்கியது. பந்தயத்தில் உதவாது என்று தள்ளிய அதே குதிரை. வேலன் ஒலிம்பிக் போகவேண்டாம். சனிக்கிழமை காலையில் என்னோடு வாய்க்கால் கரையில் நடந்துவந்தால் எனக்குப் போதும்.

நேற்றிலிருந்து என்னிடம் இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். வாங்கும் விலை பெரிய விஷயம் இல்லை, மாதாமாதம் வைத்துக் காப்பாற்றுவதுதான் செலவு, அதற்குக் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள். அவிழ்த்துவிட நிலம் வேண்டும், பக்கத்தில் குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். இனாமாகத் தருகிறேன் என்றாலும் காலை ஸ்கேன் எடுக்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். வந்த பிறகு சில மாதத்துக்கு மேலே ஏறாதீர்கள், மேயட்டும், உடம்பும் மனசும் இறங்கட்டும். அப்புறம் கையில் கயிற்றோடு தரையிலிருந்து ஆரம்பியுங்கள். தனியாகச் செய்யவேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள், ஈரோடு, பொள்ளாச்சி, திருப்பூர் வரை நானே வந்து பார்க்கிறேன், பணம் எதுவும் வேண்டாம். கோபி பக்கத்திலிருந்து எழுதிய தங்கச்சி, உன் அப்பா சம்மதிக்கவில்லை என்று சொன்னாயே, அவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வா. வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.