மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி: யூனியன் ஒப்பந்தம் போய்விடுமா?

"அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலா? மனைவி பெயரில் புதுக் கம்பெனி பதிவு செய்யுங்கள், யூனியன் ஒப்பந்தம் அதைத் தொடாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. (யூனியன் ஒப்பந்தம் என்பது சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றித் தொழிற்சங்கமும் கம்பெனியும் போட்டுக்கொள்வது.)

யூனியன் வேலைக்கு ஒன்று, மற்ற வேலைக்கு ஒன்று என இரண்டு கம்பெனி வைத்திருப்பது அங்கே குற்றமல்ல. 'டபுள் பிரெஸ்டட்' என்பார்கள். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் போதாது. உரிமை யாருடையது, நிர்வாகம் யார் கையில், இரண்டின் வேலையும் கலந்திருக்கிறதா, தொழிலாளர் விஷயத்தில் முடிவெடுப்பது யார் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் (இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) பார்க்கும். ஒரே மேஸ்திரி, ஒரே லாரி, ஒரே கணக்குப்பிள்ளை என்றால் சிக்கல்தான். ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்கப் போட்ட வேஷம் என்று தெரிந்தால் பழைய ஒப்பந்தம் புதுக் கம்பெனியையும் கட்டுப்படுத்தும்.

அதற்காக, முதலாளி ஒருவரே என்றால் ஒப்பந்தம் தானாகத் தாவிவிடும் என்பதும் சரியல்ல. இரு பக்கத் தொழிலாளர்களையும் ஒரே பேரம் பேசும் பிரிவாக, அதாவது யூனியன் மொத்தமாகப் பேசும் ஒரே குழுவாகக் கருதலாமா என்பதையும் வாரியம் தனியே முடிவு செய்ய வேண்டும் என்று 1976-இல் சவுத் பிரெய்ரி என்ற கட்டுமானக் கம்பெனியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்தத் தீர்ப்பும் வாரியத்தின் முடிவுகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. பதிவு செய்யும் முன் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.