தோல் பையையும் வாசலுக்குக் கொண்டு போவோம்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுக்கிற ஆச்சிகள் பலர், அதை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார்கள். கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. அதே குடும்பம், சேலையைவிட விலை கூடிய தோல் ஹேண்ட்பேக்கை மட்டும் ஷோரூம் லைட்டுக்கு அடியிலேயே பார்த்து பில் போட்டுவிடுகிறது. அப்புறம் வீட்டு முற்றத்தில் வைத்து, "கடையில பார்த்த கலர் இல்லையே" என்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். தோல் சாமான்கள் பெரும்பாலும் டேன், பிரவுன், மெரூன். எல்லாம் சிவப்பை நம்பி நிற்கிற நிறங்கள். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். 3000 கெல்வின் மஞ்சள் ஸ்பாட் லைட்டில் டேன் பை தேன் மாதிரி மினுங்கும். 6500 கெல்வின் வெள்ளை லைட்டில் அதுவே வெளிறிப்போகும்.

அதைவிட முக்கியம் பல்பின் தரம். சாதாரண வெள்ளை எல்இடி, நீல ஒளி தரும் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசியது. அடர் சிவப்பு அதில் குறைச்சல். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. பழைய குண்டு பல்புக்கு அது கிட்டத்தட்ட 100. எல்இடிக்கு 80 இருந்தால் போதும் என்று விற்கிறார்கள். ஆனால் அந்த எண் அடர்த்தி குறைந்த 8 நிறங்களின் சராசரிதான். அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனி மதிப்பு; அது இந்தக் கணக்கிலேயே வராது. 80 வாங்கிய பல்பு ஆர்9-இல் பூஜ்யத்தை ஒட்டி நிற்கலாம். மெரூன் பர்ஸ் மங்கிய பிரவுனாகத் தெரிந்தால் பர்ஸைத் திட்டிப் பயனில்லை.

பெல்ட்டும் ஷூவும் ஜோடியாக எடுப்பவர்கள் பாடு இன்னும் மோசம். இரண்டுக்கும் சாயம் வேறு என்றால், ஒரு லைட்டில் ஒரே நிறமாகத் தெரிவது இன்னொரு லைட்டில் பிரிந்துவிடும். கல்யாணத்தன்று வெயிலில்தான் தெரியும்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் கூடும். ஷோகேஸில் கிடந்த பையைக் காட்டிவிட்டு உள்ளேயிருந்து புதுசு எடுத்துத் தந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செல்போனில் படமெடுத்து ஒப்பிடுவது வேண்டாம். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும்.

கடைக்காரர்களே, கண்ணாடிப் பக்கம் மட்டுமாவது சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், ஆர்9-உம் நல்லதாக ஒரு விளக்கு போடுங்கள். முடியாதென்றால், பில் போடுவதற்கு முன் பையை வாசல்வரை கொண்டுபோக விடுங்கள், செக்யூரிட்டி அண்ணன் கூடவே வரட்டும். ‘விற்ற பொருளை மாற்றித் தர இயலாது’ என்று பில்லில் அச்சடிக்கிற கடை இதைக்கூடச் செய்யாதா?