பேட்டிங் முடிந்ததும் கம்பி நீட்டுகிறவர்களுக்கு

போன ஞாயிறு நடந்த மேட்சைப் பற்றி நான்கு நாளாக வாய் திறக்கவில்லை. கோபத்தில் குரூப்பில் ஏதாவது வார்த்தையை விட்டுவிடுவேன் என்று போனையே ஓரமாக வைத்திருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒருவன், "அடுத்த வாரமும் நானே ஓப்பனிங் இறங்குறேண்ணா" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். யார் அவன்? 62 ரன் அடித்துவிட்டு, பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, ஃபீல்டிங்குக்கு இறங்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன். இதற்கு மேல் என்னால் முடியாது, எழுதிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். காட்பாடி பக்கம் நாங்கள் விளையாடுகிற மைதானத்துக்கு, ஆம்பூரிலிருந்து ஒரு டீமை ஃப்ரெண்ட்லி மேட்சுக்குக் கூப்பிட்டிருந்தோம். டீமுக்கு 30 ஓவர், ஸ்டிச் பால், அதாவது தோல் பந்து. அவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், வாரத்துக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த ஒரு நாளிலும் இருட்டோடு எழுந்து, 50 கிலோமீட்டர், பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி, ஒரு வேனிலும் மூன்று பைக்கிலுமாக ஆறேகாலுக்கெல்லாம் வந்து நின்றார்கள். பதினொரு பேருக்குப் பதிமூன்று பேர் வந்திருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் இருந்தது ஐந்து பேர், நாங்கள் பிட்ச்சில் மேட் விரித்துக்கொண்டிருந்தோம். அவர்களில் நான்கு பேர் ஷூவைக்கூட மாட்டாமல் வந்து மேட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்து ஆணி அடித்துக் கொடுத்தார்கள். விருந்தாளியாக வந்தவர்கள்! எங்களில் மீதிப் பேர் ஆறு நாற்பதுக்கு, வாயில் பல்குச்சி இல்லாத குறையாக, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

டாஸ் நான் ஜெயித்தேன், பேட்டிங் எடுத்தேன். காலை வெயில் இதமாக இருந்தது, பந்து நன்றாக மட்டைக்கு வந்தது, 30 ஓவரில் ஆறு விக்கெட்டுக்கு 187. ஒன்பது மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் இன்னிங்ஸ் முடிந்தது. புளியமரத்தடியில் டிபன். அதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான்.

டிபன் முடிந்து ஆட்களை எண்ணுகிறேன், எட்டுப் பேர்.

62 அடித்தவன் போய்விட்டான். "வூட்ல அர்ஜென்ட்டா கூப்டுறாங்கணா" என்று விக்கெட் கீப்பரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், என்னிடம் சொல்லக்கூட இல்லை. இரண்டாவது பந்திலேயே டக் அவுட் ஆனவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அவன் அவுட்டாகி வந்தபோதே, "பேடைக் கழற்றிட்டுக் கொஞ்ச நேரம் அம்பயர் நில்லுடா" என்று சொன்னதற்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனவன்தான். மூன்றாமவன் நான்காவதாக இறங்கி 30 சொச்சம் அடித்தவன், எங்கள் ஆஃப் ஸ்பின்னர். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், பார்க்கப் போகிறேன் என்றான். வேலூரில் இருந்துகொண்டு இதற்கு யார்தான் மறுவார்த்தை சொல்ல முடியும்? ஊர் ஊராக ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற இடம் அது. "போய்ட்டு வாப்பா" என்றுதான் சொன்னேன். பத்தரை மணிக்கு அவனுடைய ஸ்டேட்டஸில் பெங்களூர் ரோட்டு ஓட்டல் ஒன்றில் பிரியாணித் தட்டோடு மூன்று பேரும் சிரிக்கிறார்கள். என் மனசு எவ்வளவு நொந்தது என்று எனக்குத்தான் தெரியும். பொய் சொல்ல வேறு காரணமே கிடைக்கவில்லையா உனக்கு?

சரி, எட்டுப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆம்பூர் கேப்டனிடம் போய், "பாய், ஆள் குறையுது" என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. "பரவால்ல தம்பி, நம்ம பசங்க ரெண்டு பேர் சும்மாதான் உக்காந்திருக்காங்க, எடுத்துக்கோங்க" என்றார். அவர்கள் டீமில் இடம் கிடைக்காத இரண்டு பையன்கள், பதினைந்து பதினாறு வயது இருக்கும், எங்களுக்காக ஃபீல்டிங் இறங்கினார்கள்.

அடுத்த சிக்கல் பவுலிங். 30 ஓவர் மேட்ச் என்றால் ஒருவர் ஆறு ஓவருக்கு மேல் போடக்கூடாது, ஆகக் குறைந்தது ஐந்து பவுலர் வேண்டும். போன மூன்று பேரில் இரண்டு பேர் பவுலர்கள். அந்தப் பையன்களைப் போடச் சொல்லவும் முடியாது, மாற்று ஆட்டக்காரர் ஃபீல்டிங் செய்யலாம், கேட்ச் பிடிக்கலாம், பந்து வீசக்கூடாது என்பது கிரிக்கெட்டின் 24ஆவது விதி. மறுபடியும் பாயிடம் போய் நின்றேன். "இருக்கிற மூணு பேரும் ஆளுக்கு எட்டு ஓவர் போட்டுக்கட்டும், மீதியை நீங்க பார்த்துக்கோங்க" என்றார். அந்த மூன்று பேரில் ஒருவன் ராணிப்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் கிட் பையோடு நேராக மைதானத்துக்கு வந்தவன். தூங்காத கண்ணோடு எட்டு ஓவர் ஓடி வந்து போட்டான். அவனுக்கு வீடு இல்லையா? அவனை யாரும் கூப்பிட மாட்டார்களா? அவன் அன்றைக்கு பேட்டிங்கே இறங்கவில்லை, தெரியுமா. ஒன்பதாவது ஆள். ஒரு பந்துகூட ஆடாமல் வெயிலில் எட்டு ஓவர்.

வெயில் என்றால் வேலூர் வெயில். பங்குனி கடைசியிலேயே பத்து மணிக்கு மேல் ஷூவுக்குள் கால் வெந்துவிடும், கத்தரி வந்தால் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. ஓடிப்போன அந்த மூன்று பேருக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஏழிலிருந்து ஒன்பது வரை நிழலும் காற்றும் தங்களுக்கு, ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை கொதிப்பது மற்றவர்களுக்கு.

இப்போது அந்தக் கேட்ச். இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். இருபதாவது ஓவரோ என்னவோ, ஆம்பூரின் நல்ல அடிகாரர் ஒருவர் நிலைத்துவிட்டார். ஒரு பந்தைத் தூக்கி மிட் விக்கெட் பக்கம் விட்டார். அங்கே நின்றது அவர்கள் பையன், எங்களுக்காக. ஓடினான், சூரியன் நேராக முகத்தில், இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிவிட்டு கத்தவில்லை, குதிக்கவில்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று மரத்தடியில் இருந்த தன் கேப்டனைப் பார்த்தான். தப்பு செய்துவிட்டோமோ என்கிற மாதிரி ஒரு முகம். பாய் எழுந்து நின்று கை தட்டினார். அப்புறம்தான் அந்தப் பையன் சிரித்தான். அவுட்டாகிப் போனவரும் வழியில் அவன் தலையைத் தட்டிவிட்டுத்தான் போனார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் டீமுக்காக அவர்கள் ஊர்ப் பையன் அவர்கள் விக்கெட்டையே எடுத்துக் கொடுக்கிறான், எங்கள் ஆட்கள் ஹைவே ஓட்டலில் லெக் பீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

28ஆவது ஓவரில் நான்கு விக்கெட் மிச்சம் வைத்து அவர்கள் ஜெயித்தார்கள். தோற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நூறு சதவீதம் அவர்கள் ஜெயிக்க வேண்டிய மேட்ச்.

இதில் இன்னொரு கொடுமை. பதினொரு மணிக்கு அந்த ஆஃப் ஸ்பின்னர் திரும்பி வந்தான். வந்து பவுண்டரி கோட்டருகே நின்று, "அண்ணா, நான் வந்துட்டேன், ஒரு ஓவர் கொடுங்க" என்றான். எவ்வளவு நேரம் வெளியே இருந்தானோ அவ்வளவு நேரம் உள்ளே நின்ற பிறகுதான் பந்து வீசலாம் என்று விதியே இருக்கிறது. விதி கிடக்கட்டும், கூச்சம் என்று ஒன்று இல்லையா? நான் தண்ணீர் கேனைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு மறுபடி போய்விட்டான்.

"காசு கொடுத்திருக்கேன்ல" என்று ஒருத்தன் குரூப்பில் போடுகிறான். ஆளுக்கு 200 ரூபாய். அது பந்துக்கும் டிபனுக்கும் ஆன காசு தம்பி. நீ அடிக்கிற பந்தை ஓடி எடுத்து வருவதற்கு ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. 30 ஓவர் நீங்கள் அடிக்க அவர்கள் ஓடினார்கள் என்றால், 30 ஓவர் அவர்கள் அடிக்க நீங்கள் ஓடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் ஓடினார்கள். டாஸுக்கு முன்னால் பதினொரு பேர் பட்டியலில் உன் பேரை எழுதிக் கொடுத்தேனே, அது எதற்கு?

"அப்போ நீ ஃபீல்டிங் எடுக்க வேண்டியதுதானே, பேட்டிங் வரைக்கும் ஒருத்தனும் போக மாட்டான்" என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். எடுத்துப் பார்த்தாயிற்று. ஃபீல்டிங் முதலில் என்று தெரிந்தால் "நான் ஒன் டவுன்தானே, எட்டரைக்கு வர்றேன்" என்பார்கள். இரண்டு வருடமாக இதே கதை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடுகிறவன் அதே எட்டுப் பேர், அதில் மேட் சுருட்டுகிறவன் அதே நான்கு பேர். 22 கஜம் தேங்காய் நார் மேட் என்ன கனம் கனக்கும் என்று, ஒரு நாளாவது தூக்கினவனுக்குத்தான் தெரியும். ஆணியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, சுருட்டி, தோளில் வைத்து அறை வரைக்கும் நடக்க வேண்டும், உச்சி வெயிலில். போன ஞாயிறு அதையும் ஆம்பூர்க்காரர்கள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

சின்ன வயதில் பாலாற்று மணலில் விளையாடும்போது எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. பேட்டிங் பண்ணிவிட்டு ஓடினவனை மறுநாள் சேர்க்க மாட்டோம். மட்டை அவனுடையதாக இருந்தாலும் சேர்க்க மாட்டோம், கட்டையை வெட்டி விளையாடுவோம். எட்டு வயதில் எங்களுக்குத் தெரிந்த நியாயம், இப்போது டிரவுசருக்கு மேட்சிங்காகத் தொப்பி வாங்கிப் போடுகிற வயதில் எங்கே போனது? உண்மையிலேயே வீட்டில் அவசரம் என்றால் யார் வேண்டாம் என்றார்கள். முன்னாடியே சொல்லு, உன் இடத்தில் ஒரு காலேஜ் பையனைப் போடுகிறேன். ஒவ்வொரு வாரமும் வந்து கிட் பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு சான்ஸ் கிடைக்காதா என்று காத்திருக்கிற இரண்டு மூன்று பையன்கள் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துவிட்டுத்தான் உங்களுக்கு இடம் கொடுத்தேன். அன்றைக்கென்று அவர்களுக்குப் பரீட்சை, வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் வேறு.

திங்கட்கிழமை பாயிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, நம்ம ஊர்லயும் நாலு பேர் இப்படித்தான். அடுத்த மேட்ச் நம்ம கிரவுண்டுக்கு வாங்க" என்றார். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன், பதினொரு பேரோடு வருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த மூன்று பேருக்கும் இங்கேயே சொல்கிறேன்: ஆம்பூருக்கு உங்கள் பேர் இல்லை. தனியாக மெசேஜ் போட்டுக் கெஞ்ச வேண்டாம். அடுத்த ஞாயிறு காலை நாலரைக்கு காட்பாடி ஸ்டேஷன் வாசலிலிருந்து வேன் கிளம்பும். மேட் சுருட்டுகிற வரைக்கும் இருப்பேன் என்கிறவர்கள் மட்டும் பேர் கொடுங்கள். இதுவரைக்கும் ஒன்பது பேர் கொடுத்திருக்கிறார்கள், முதல் பேர் ராணிப்பேட்டைக்காரனுடையது. அவன்தான் ஓப்பனிங்.