சோடியம் எலக்ட்ரானைத் தானாகக் கொடுப்பதில்லை

ஜேசியில் (ஜூனியர் கல்லூரியில்) வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் சோடியம் ஏன் அயனியாகிறது, அதாவது ஏன் ஓர் எலக்ட்ரானை இழந்து மின்சுமை பெறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். டியூஷனில் சொன்ன பதில் உடனே வரும்: "வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அதற்கு நிம்மதி, அதனால் ஒன்றைக் கொடுத்துவிடும்." இந்தப் பதிலைச் சொல்லிக் கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ஜேசி முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்விலேயே தரவுக் கையேடு தருகிறார்கள். அதில் இருக்கும் எண்கள் வேறு கதை சொல்கின்றன. வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை மொத்தமாக எண்ணும் அளவு) சோடியம் அணுக்களிடமிருந்து தலைக்கு ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கச் சுமார் 495 கிலோஜூல் செலவாகும். கொடுக்கத் துடிக்கும் அணுவிடம் இவ்வளவு செலவழித்தா பிடுங்க வேண்டும்? குளோரின் அணுக்கள் அவற்றை வாங்கிக்கொள்ளும்போது 350 போலத்தான் திரும்பக் கிடைக்கும். ஆக, கணக்கு இடிக்கிறது. போதாததற்கு, சோடியம் உலோகத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூற்றைப் பிளக்கவும் தனிச் செலவு. இத்தனையையும் ஈடுகட்டுவது, எதிரெதிர் அயனிகள் நெருங்கிப் படிகமாகும்போது வெளியாகும் 780-க்கும் மேற்பட்ட கிலோஜூல். உப்பு உருவாவதன் காரணம் அங்கே இருக்கிறது.

சரி, சோடியத்திடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிரிக்க ஏன் 4,560 கிலோஜூல் ஆகிறது? ஒன்பது மடங்கு! அது உள்கூட்டில் இருக்கிறது. அணுக்கருவுக்கு மிக அருகில். பதினொரு புரோட்டான்களின் இழுப்பை மறைக்க அதற்கும் கருவுக்கும் நடுவே இரண்டே எலக்ட்ரான்கள். தூரம், மின்சுமை, மறைப்பு என்று எல்லாமே மின்சுமைகளின் இழுப்பையும் தள்ளலையும் சொல்லும் கூலும் விதிக்குள் அடங்கும் விஷயம். அணுவுக்கு ஆசையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

நைட்ரஜனை விட ஆக்சிஜனின் முதல் அயனியாக்க ஆற்றல் (முதல் எலக்ட்ரானைப் பிரிக்க ஆகும் செலவு) குறைவு என்பதற்கும் "பாதி நிரம்பினால் நிலைத்தன்மை" என்ற ஒரு வரி மனப்பாடமாக இருக்கும். ஆக்சிஜனில் ஒரே ஆர்பிட்டாலுக்குள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கும் ஒரே இடத்துக்குள், இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதனால் ஒன்றை எடுப்பது சுலபம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்?

டியூஷனுக்கு இவ்வளவு செலவழிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கையேட்டில் மெக்னீசியம் வரிசையைக் காட்டி, மூன்றாவது எலக்ட்ரானைப் பிரிக்கும் எண் மட்டும் ஏன் இப்படி எகிறுகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். "எட்டு" என்று ஆரம்பித்தால், "எது எதை இழுக்குதும்மா?" என்று திருப்பிக் கேளுங்கள்.