வாடகை வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டலாமா?

காலையில் கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். குளித்து, விபூதி பூசி, காபியும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அப்போதுதான் ஐகான்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டிக்கொண்டிருக்கும். "உங்க பொட்டி எழுந்திரிக்கறதுக்குள்ள நான் தோசைக்கு அரைச்சே முடிச்சிருவேன்" என்பாள் வீட்டுக்காரி. மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

2014-இல் கும்பகோணத்திலேயே அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3-4130 பிராசசர், ஹெச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நான் டிடிபி செய்ததெல்லாம் இதில்தான். சாயங்காலம் நாலைந்து கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதும் இதில்தான். சோறு போட்ட பெட்டி. அதனால் நான் சொல்வதில் பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு, விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்ட் கைகழுவியது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. என்னுடையது நான்காம் தலைமுறை. ஜாதகம் பொருந்தவில்லை.

அதே வாரம் இன்னொரு கூத்து. ஜிஎஸ்டி தளம் திறக்க மறுத்தது. எந்தத் தளத்தைத் தட்டினாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று ஒரு எச்சரிக்கை. ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் பக்கவாட்டு மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சு சார். இதுக்கு ஸ்பேரே வர்றதில்ல. புதுசா எடுத்துருங்க, பழசுக்கு ஆயிரத்தைந்நூறு கழிச்சுக்கறேன்."

யோசிச்சுச் சொல்றேன் என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால், திரையின் மூலையில் தேதி 2013 ஜனவரி 1. விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. கம்ப்யூட்டர் 2013-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இனிமேல்தான் பிறக்க வேண்டும். போர்டில் எட்டணாக் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். எனக்கு ராத்திரி மெயின் சுவிட்சையும் அணைக்கிற பழக்கம். பதினோரு வருஷத்தில் பேட்டரி உயிரை விட்டிருக்கிறது. வாட்ச் கடையில் 30 ரூபாய்க்குப் புதிது கிடைத்தது. 'போன' போர்டு திரும்பி வந்துவிட்டது.

ஆனால் ஆமை வேகம் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் பஞ்சாயத்து கூடியது அதற்குத்தான். மகள் பி.காம். இரண்டாம் வருஷம். "அப்பா, இதைத் தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்குங்கப்பா, எனக்கும் ஆகும்ல." மைத்துனன் தன் பங்குக்கு, "இஎம்ஐ போட்டுருங்க அத்தான், மாசம் ரெண்டாயிரத்தைந்நூறுதானே?" என்றான். அந்த 'தானே'யைப் பன்னிரண்டு மாசம் கட்டப்போவது அவனில்லை.

இந்த மாதிரி நேரத்தில் யார் பேச்சையும் கேட்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெட்டி திணறிக்கொண்டிருக்கும்போதே அதைப் பாருங்கள். என்னுடையதில் பிராசசர் 12 சதவீதம். ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருந்தது. ரேம் 88. டிஸ்க் 100, அதுவும் இறங்கவே இல்லை. எல்லோரும் கிழடு, கிழடு என்று திட்டிய பிராசசர் வேலை வராதா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஹார்டு டிஸ்க் ஏன் இப்படி என்றால், அதற்குள் நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுகிறது, நிமிஷத்துக்கு 7200 சுற்று. படிக்கிற முள் சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அப்புறம் தேடுகிற இடம் சுற்றி வந்து முள்ளுக்கடியில் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக ஒரு 13 மில்லி செகண்டு. கேட்க அற்பம்தான். ஆனால் அப்படியென்றால் ஒரு செகண்டில் எழுபது, எண்பது துண்டுகளைத்தான் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் கிளம்புவதற்கு இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான துண்டுகள் தேவை. சார்பதிவாளர் அலுவலக ரெகார்டு ரூமில் ஒரே ஒரு ஆள், ஒரே ஏணி. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஏறி இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் எத்தனை ஆபீசர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்து என்ன பயன்? ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற முள்ளும் இல்லை. அதே துண்டை எடுக்க அதற்கு 0.1 மில்லி செகண்டு போதும்.

ஆக எஸ்எஸ்டி மாற்றுவது என்று முடிவானது. ரேமும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று வேறொரு கடைக்குப் போனால், அங்கே ஆசை காட்டினார்கள். "அண்ணே, உங்க போர்டுல ஐ7-4770 உட்காரும். செகண்ட்ஸ்ல இருக்கு, போட்டுருவோமா? சும்மா பறக்கும்ணே." உட்காரும், பொய்யில்லை. 12 சதவீதம் வேலை செய்கிற பிராசசரை எடுத்துவிட்டு அங்கே இன்னும் பெரிய சோம்பேறியை உட்கார வைப்பேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு வாடகை வீட்டு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவன் நான். ஃபேன் வாங்கி மாட்டுவோம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவோம். டைல்ஸ் ஒட்ட மாட்டோம், எவ்வளவு அசிங்கமான தரையாக இருந்தாலும். பழைய கம்ப்யூட்டரும் காலி செய்யப்போகிற வாடகை வீடுதான். அடுத்த பெட்டிக்குக் கூட வருகிற சாமானுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். வராத சாமானுக்கு ஒத்தை ரூபாயும் யோசித்துத்தான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஃபேன் மாதிரி. அடுத்து எந்த டெஸ்க்டாப் வாங்கினாலும் பெரும்பாலும் அதில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் 240 ஜிபியோடு கஞ்சத்தனம் பண்ணாமல் 500 ஜிபியே எடுத்தேன், 3,200 ரூபாய். ரேம் அப்படியில்லை. என் போர்டுக்கு டிடிஆர்3 என்கிற பழைய ரக ரேம் வேண்டும். டிடிஆர்4 வந்து, டிடிஆர்5-உம் வந்துவிட்ட காலத்தில் இது அடுத்த பெட்டியில் நுழையாது. அதனால் புதிது வாங்கவில்லை. பழைய சாமான் தட்டில் கிடந்த 4 ஜிபி குச்சி ஒன்றை 450 ரூபாய்க்குப் பேசி எடுத்தேன். கடைப் பையன் அதன் தங்கநிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டினான். இரண்டும் சேர்ந்து 8 ஜிபி. கூலி 300, பேட்டரி 30. மொத்தம் 3,980 ரூபாய்.

மறுநாள் காலை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 26 செகண்டு. வீட்டுக்காரி சொன்னது: "அப்ப இனிமே குளிக்காமலே உக்காந்துருவீங்களா?"

இருபத்தைந்தாயிரம் ரூபாய் லேப்டாப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்த விலையில் பளபளவென்று வருகிற பலவற்றில் செலரான் என்4500 மாதிரி பிராசசர் இருக்கும். 2021-இல் வந்ததுதான், ஆனால் இரண்டே கோர், அதாவது வேலை செய்ய இரண்டே கை. 2013-இன் ஐ3-4130-ஐவிட வேகம் குறைவு. ரேம் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், சிலவற்றில் சேமிப்பகமும் ஈஎம்எம்சி என்று போர்டிலேயே ஒட்டியிருக்கும். நாளைக்கு எதையும் கழற்ற முடியாது, கூட்ட முடியாது. காசு கொடுத்துப் புதிதாக வாங்கும்போதே வாடகை வீடு. மகளுக்கு இதைக் கடையிலேயே காட்டினேன். முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு லேப்டாப் உண்டு, நாற்பதாயிரம் சேரட்டும் என்று பேச்சு.

இன்னொரு சங்கடம், மெமரி விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சரக்கு போவதால் போன வருஷக் கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறுகிறது. உலகத்து ரேமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான். அதில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறுகிறது. புதுக் கம்ப்யூட்டர் விலையிலும் இதெல்லாம் வந்து சேராமல் எங்கே போகும்? அதனால் டிடிஆர்4, டிடிஆர்5 குச்சிகள் யாரிடமாவது சும்மா கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சரி, விண்டோஸ் 10 செத்துப்போச்சே, ஜிஎஸ்டி, பேங்க் வேலையெல்லாம் அதில் செய்யலாமா? நியாயமான கேள்வி. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறார்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு கேட்பதில்லை. பதிவு செய்துவிட்டேன். லினக்ஸ் அன்பர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன், இந்தப் பெட்டியில் அருமையாக ஓடுகிறது. ஆனால் என் பத்து வருஷத்துப் பத்திரிகைகள் பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு சாப்ட்வேரில், விண்டோஸில் ஓடுவதில், இருக்கின்றன. 2001-இல் வந்த 7.0-வோடு நின்றுபோன சாப்ட்வேர், பழைய எழுத்துருக்கள். பிரஸ்காரர்களும் அதில்தான் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்ததால் மட்டும் மாறிவிட முடியாத தொழில் இது.

அக்டோபருக்கு மேல் என்ன செய்வது என்றும் பார்த்து வைத்திருக்கிறேன். போன மாசம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது மவுன்ட் ரோட்டிலிருந்து அப்படியே ரிச்சி தெருவுக்குள் ஒரு நடை. கம்பெனிகளிலிருந்து கழித்துவிடுகிற டெஸ்க்டாப்கள் அடுக்கிக் கிடக்கின்றன. ஐ5-8500 போட்டது, 2018 சரக்கு, ஆறு கோர். எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 தகராறில்லாமல் ஏறும். எனக்குப் பதினைந்தாயிரத்துக்குள் சொன்னார்கள், டிஸ்க் வேண்டாமென்றால் இன்னும் குறைப்பார்களாம். ஒரு எச்சரிக்கை: அந்த மாதிரி பிராண்டட் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை தனி வடிவம், தனி கனெக்டர். போய்விட்டால் பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்ட முடியாது. வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழசையும் காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போர்டில் சின்ன உருளைகளாக நிற்கிற கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அதில் காசு போடாதீர்கள். வீடியோ எடிட்டிங் தொழிலாகச் செய்பவர் பிராசசர் 100-இல் நிற்பதைப் பார்த்தால் மாற்றத்தான் வேண்டும், எஸ்எஸ்டி அங்கே உதவாது.

எஸ்எஸ்டி மாட்டிய அன்று இன்னொன்று நடந்தது. கடைப் பையன் அதை கேபினட்டுக்குள் வைத்து ஒரு ஸ்க்ரூ முடுக்கினான். மிச்சம் மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நாலு பக்கமும் டைட் பண்ணிரட்டுமாண்ணே?" என்றான்.

"வேணாம் தம்பி, ஒண்ணு போதும்" என்றேன்.