சிவப்பு ஸ்பிரிங்காம், ஹெவியாம்!

ஒரு ஸ்பிரிங்கின் இலக்கத்தைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில்: "சிவப்பு."

பகிடியில்லை. என்ரை 2012 ஹைலக்ஸ் டபுள் கப் பிக்கப்புக்கு முன்பக்கக் கொயிலோவர் (சொக் அப்சோர்பரும் அதைச் சுற்றின ஸ்பிரிங்கும் ஒன்றாய் வரும் சாமான்) வாங்க யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். "தம்பி, இது எத்தனை இறாத்தல் ஸ்பிரிங்?" என்று கேட்டேன். அதாவது, ஓர் அங்குலம் அமுக்க எத்தனை இறாத்தல் பாரம் வேண்டும் என்று. "அண்ணை, சிவப்பு ஹெவி, நீலம் மீடியம். நீங்கள் மணலுக்கை ஓடுறனீங்கள், ஐஸ் பெட்டி ஏத்துறனீங்கள். யோசிக்காமல் ஹெவியைப் போடுங்கோ." நானும் தலையாட்டிக் காசை எண்ணிக் கொடுத்தேன். பெயின்ற் நிறம் பார்த்து ஸ்பிரிங் வாங்கின விசரன் நான்தான்.

பருத்தித்துறை வீதியால் வீடு வந்து சேருவதற்குள் விளங்கிவிட்டது. வாகனம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சின்னப் பள்ளத்தில் சில்லு இறங்கினாலே சொக் முழுதாக நீண்டு 'டக்' என்று அடிக்கிறது. முன்சீற்றில் இருந்த அம்மா கடைசியில் சொன்னா: "இதுக்கு லாண்ட்மாஸ்ரர் ட்ராக்டரிலை வந்திருக்கலாம்."

சரி, றோட்டில்தான் இப்படி, மணலில் நல்லாய் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மணல்காட்டுப் பக்கம் மீன் வாடிக்குப் போனேன். ரயரில் காற்றையும் குறைத்தாயிற்று. குழியில் சில்லு கீழே இறங்கி மணலை அழுத்தினால்தானே பிடி வரும்? இறங்க இடமே இல்லை. பாரம் இல்லாத சில்லு சும்மா சுற்றுகிறது, வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாடிப் பெடியள் நாலு பேர் தள்ளித்தான் வெளியே வந்தது. பெட்டியில் மீன், மேலே வெயில், பழைய ஸ்பிரிங்கோடு நூறு தரம் போய்வந்த அதே தடம்.

இதற்குப் பிறகுதான் ஆலோசனை மழை.

ஒரு கராஜ் பாஸ் சொன்னார், ஸ்பிரிங்கைத் தாங்கும் உயர நட்டை ரெண்டு சுத்து இறக்கினால் மெத்தை மாதிரி வருமாம். இறக்கினோம். உயரம் குறைந்தது, 'டக்'கும் குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். உதறல் மட்டும் அப்படியே. நட்டு உயரத்தைத்தான் மாற்றும் ஐயா! ஓர் அங்குலம் அமுக்க 700 இறாத்தல் வேண்டும் என்று செய்த ஸ்பிரிங்குக்கு, நட்டை எங்கே வைத்தாலும் 700தான் வேண்டும். இன்னொருவர் ஒரு சுத்தை வெட்டிவிடுவம் என்றார். சுத்துக் குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் இறுகும். நல்லகாலம், வெட்ட விடவில்லை. மூன்றாவது ஆள் மகா கெட்டிக்காரன்: "பின்பெட்டியிலை நாலு சீமெந்துப் பை போட்டுக்கொண்டு ஓடுங்கோ, இருந்திடும்." பின் அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற்றினால் மூக்கு இன்னும் எழும்பும். கிணற்றுத் துலாவைப் பார்த்தே வளராத சனமா நாங்கள்?

ஐஸ் பெட்டிக் கதையும் அப்படித்தான். ஐஸ் பெட்டி இருப்பது பின்னால். அந்தப் பாரத்தைச் சுமப்பது பின்பக்கத் தகட்டு ஸ்பிரிங். முன்பக்கத்துக்கு அதில் என்ன பங்கு? முன்னுக்கு எவ்வளவு பாரம் இருக்கிறது, புதைந்த வாகனத்தை இழுக்கும் விஞ்ச் இருக்கிறதா, இரும்பு பம்பர் இருக்கிறதா என்று ஒருத்தராவது கேட்டார்களா? இல்லை. ஏதோ ஆம்பிளைத்தனத்துக்குப் போட்டி வைத்த மாதிரி எல்லோருக்கும் ஹெவிதான்.

கோதாரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். பழைய இரும்பு வாங்கும் இடத்துத் தராசில் முன்சில்லு இரண்டையும் மட்டும் ஏற்றி நிறுத்தேன். 1,160 கிலோ. ஒரு பக்கத்துக்கு 580. அதில் சில்லு, பிரேக், ஹப் எல்லாம் ஸ்பிரிங் சுமக்கும் பாரமில்லை. அதற்கு 60 கழித்தால் 520. பிறகு மாமரத்துக்குக் கீழே ஜக் அடித்து, கொயிலோவரைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வெறும் சொக்கைத் திரும்பப் பூட்டினேன். சில்லை 60 மில்லிமீற்றர் உயர்த்தினால் சொக் 34 தான் அமுங்குகிறது. விகிதம் 0.57. நெம்புகோல் கணக்குத்தான், அதாவது ஸ்பிரிங்கின் தலையில் விழுவது 520 அல்ல, 912 கிலோ. இறாத்தலில் 2,000 சொச்சம். சில்லு உணரும் இறுக்கத்துக்கோ அந்த 0.57ஐ இரண்டு தரம் பெருக்க வேண்டும், ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும். 600 ஸ்பிரிங் என்றால் இந்தப் பாரத்தில் மூன்றரை அங்குலத்துக்குக் கிட்ட அமுங்கும், 700 மூன்றைக்கூட எட்டாது. சில்லில் பார்த்தால் முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். சீமெந்து நிலத்தில் சோக்கால் எழுதி முடிக்க அரை மணித்தியாலம் போகவில்லை. அரை மணித்தியாலம்! இதற்காகவா இரண்டு மாதம் இடுப்பு முறிந்தேன்?

இதில் பெரிய எரிச்சல் என்ன தெரியுமா? கழற்றின ஸ்பிரிங்கில் சிவப்புப் பெயின்றைச் சுரண்டினால், உள்ளே 700 என்று குத்தியிருக்கிறது. இலக்கம் இருந்திருக்கிறது, அதற்கு மேலேயே பெயின்ற் அடித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிடிக்கவும் வழியில்லை. கம்பி 14 மில்லிமீற்றருக்குப் பதில் 15 என்றால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறுக்கம் கூடிவிடும். அந்த ஒரு மில்லிமீற்றரைக் கடை வெளிச்சத்தில் யார் கண்டுபிடிப்பது?

புது வாகனம் எடு என்று சொல்ல வரவேண்டாம். 2020இல் இறக்குமதியை நிறுத்தி, 2025இல் திறந்துவிட்ட பிறகும் விலை என் கைக்கு எட்டவில்லை. இருக்கிற கிழட்டு ஹைலக்ஸை ஒழுங்காக ஓட்டத்தான் இந்தப் பாடு.

கொழும்பில் 600 ஸ்பிரிங் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங் மாறினால் சொக்கின் வால்வும் அதற்கு ஒத்துவர வேண்டும், அது இன்னொரு சண்டை. சிவப்பு இரண்டும் மாமரத்தடியில் கிடக்கின்றன. சாமான் பழுதில்லை, விஞ்சும் இரும்பு பம்பரும் பூட்டி முன்னுக்கு நூறு கிலோ கூட்டின ஆளுக்கு அளவாக இருக்கும். வேணுமெண்டால் வந்து எடுங்கோ, பாதி விலைக்குத் தாறன். வரேக்கை தராசுத் துண்டையும் கொண்டு வாங்கோ, இல்லாட்டி தரமாட்டன்.